சிக்காத பாட்டு

மனித குலத்தின் முன்னேற்றம் முழுவதும் தோள்பட்டை வலியிலிருந்தே பிறந்தது என்பது என் அசைக்க முடியாத கருத்து. சக்கரத்தைக் கண்டுபிடித்தவனுக்குத் தோள் வலித்திருக்கிறது, கண்டுபிடித்துவிட்டான். எனக்கும் வலது தோள் வலிக்கிறது. காலையில் சட்டை மாட்ட முடியவில்லை. அடங்காத கோழியைக் கூடைக்குள் அடைப்பதுபோல, என் மனைவி புஷ்பமேரிதான் என் கையைப் பிடித்துச் சட்டைக்குள் நுழைக்கிறாள். நான் சக்கரம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. வீட்டில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்த ஒன்றை 'அப்கிரேட்' செய்தேன். அந்த மகத்தான பணியின் வரலாற்றை வருங்காலச் சந்ததிக்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

சித்திரபுரம் பஜாரில் ஜீப் ஏறி, இனி ஜீப் போகாது என்று டிரைவர் சொல்லும் இடத்தில் இறங்கி, அதற்கு மேலும் நடந்தால், தேயிலைத் தொழிலாளர் வரிசைவீடுகளான எங்கள் மேல் டிவிஷன் லயம். லயத்தை ஒட்டி சர்ச். சர்ச்சுக்கு மேலே மலைமுதுகில் கல்லறைத் தோட்டம். இரண்டுக்கும் நடுவில் முன்பு ஒரு மண்ரோடு இருந்தது. வெள்ளம் வந்த வருஷம் மலை சரிந்தபோது ரோட்டையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. சரிந்த இடத்தில் இப்போது இருப்பது இரண்டு பேர் ஒட்டி நடக்கிற ஒரு தடம். தடத்துக்குக் கீழே செம்மண் சறுக்கு, கம்பெனியின் 'ஹெரிட்டேஜ் பங்களா' வாசல்வரை வழுவழுவென்று இறங்கும். ரோட்டைத் திரும்பப் போட்டுத் தரச் சொல்லி நாங்கள் கொடுத்த மனு கம்பெனி ஆபீசில் நலமாக இருக்கிறது. அதுவரைக்கும் செத்தவர்கள் எங்கள் தோளில்தான் போய்ச் சேருகிறார்கள். சவப்பெட்டி தூக்குகிற ஆறு பேரில் முன்வரிசை எனக்கு.

இனி இயந்திரத்துக்கு வருகிறேன். என் அப்பா சுவக்கீன் தேயிலை ஃபாக்டரியில் ரோலர் ஓட்டியவர். பழைய துரை பங்களாவைக் காலி செய்தபோது வெளியே தூக்கிப் போட்ட ரெக்கார்டு பிளேயரை மழை வருமுன்னே தூக்கி வந்துவிட்டார். அவர் இறந்த பிறகு அது எனக்கு வந்தது. மரப்பெட்டி, அதன்மேல் சுற்றுகிற தட்டு. தட்டைச் சுற்றவைக்கும் ரப்பர் வார் எப்போதோ அறுந்து, அந்த இடத்தில் புஷ்பமேரியின் பாவாடை எலாஸ்டிக். ஊசிக் கையின்மேல், அது துள்ளாமல் இருக்க, மெழுகு வைத்து ஒட்டிய ஒரு பழைய பத்துப் பைசா. சர்ச் முகப்பிலுள்ள குழாய் ஸ்பீக்கரில் இதை மாட்டிவிட்டால் மலை முழுக்கக் கேட்கும்.

அடக்கத்துக்கு ஒரே பாட்டுதான். 'இன்னும் கொஞ்ச தூரம், யாத்திரிகா' என்று, ஜலதோஷம் பிடித்த ஒரு ஆண்குரல் நிதானமாகப் பாடும். இரண்டாவது சரணத்தில் ரெக்கார்டில் ஒரு கீறல். ஊசி அங்கே வந்தால் சிக்கிக்கொள்ளும். 'இன்னும் கொஞ்ச... இன்னும் கொஞ்ச... இன்னும் கொஞ்ச...' அப்பா உயிரோடு இருந்தவரை, சர்ச் படியில் நின்று மேலே பார்த்துக்கொண்டே, விரல் முட்டியால் மரப்பெட்டியில் ஒரு தட்டு தட்டுவார். அப்புறம்தான் 'தூரம்' வரும்.

அப்பா எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தட்டுவதில்லை. சிலருக்கு இரண்டாவது 'இன்னும் கொஞ்ச'விலேயே தட்டிவிடுவார், சிலருக்கு ஐந்துவரை விடுவார். லயத்து மக்கள் இதைக் கவனித்தார்கள். கவனித்த எதையும் தத்துவமாக்காமல் விட்டதில்லை எங்கள் ஆட்கள். எத்தனை தடவை சிக்குகிறதோ அத்தனை புண்ணியம் என்று முடிவாயிற்று. கங்காணி மிக்கேல், கள்ளுக்கடையே கதி என்று கிடந்தவர், கண்ணில் பட்டவரையெல்லாம் ஏசியவர். அவருக்கு ஆறு தடவை வந்தது. லயம் உடனே தன் கருத்தைத் திருத்திக்கொண்டது. “உள்ளுக்குள்ள நல்ல மனுசன்தான் போல. நமக்குத்தான் தெரியாமப் போச்சு.” வேதமுத்து மாமாவின் மனைவி ரோசம்மாள், ஒரு பூசை தவறாதவள், வெள்ளிக்கிழமை தோறும் பட்டினி கிடந்தவள். அவளுக்கு வந்தது இரண்டே இரண்டு.

வேதமுத்து மாமா அன்றைக்குக் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. குடும்ப மானத்தைத் தன் அடக்கத்தில் மீட்டுவிடுவது என்று சபதம் எடுத்தார். பீடியை விட்டார். கெட்ட வார்த்தையை விட்டார். பீடியை விட்டதால் பசி பெருகி, நன்றாகச் சாப்பிடவும் தொடங்கினார். புண்ணியமும் உடம்பும் சேர்ந்தே வளர்ந்தன.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் என் அக்கா மகன் ஜிபி லீவுக்கு வந்தான். அவன் கொச்சியில் ஒரு காப்பிக்கடையில் 'சவுண்ட் கியூரேட்டர்'. அதாவது, ரெக்கார்டை எடுத்துவிட்டு வேறு ரெக்கார்டு போடுவான். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, திருப்பலியில் மணி அடித்ததுபோல முழங்காலில் நின்றுவிட்டான்.

“மாமா, இது என்ன சாதனம்னு உங்களுக்குத் தெரியுமா? கொச்சியில இதுக்கு உயிரையே குடுப்பாங்க.”

“இங்கயும் உயிரக் குடுத்த பெறகுதாம்லே போடுதோம்,” என்றாள் புஷ்பமேரி.

“அத்தே, சீரியஸா சொல்லுதேன். ஊசி தேஞ்சே போச்சு. பெல்ட் இருக்க வேண்டிய எடத்துல என்னமோ கெடக்கு.”

“என்னமோ இல்ல. என் பாவாடை எலாஸ்டிக்.”

ஜிபி தொட்ட விரலை மெதுவாக எடுத்துக்கொண்டான். “புது ஊசி, புது பெல்ட், கையோட வெயிட்ட மட்டும் சரிபண்ணணும் மாமா. அதுக்கப்புறம் வருது பாருங்க, வார்ம் சவுண்ட்! குளிருல கம்பளி போத்துன மாதிரி இருக்கும்.”

“அதுக்குக் கம்பளியே வாங்கிரலாமே,” என்றாள் புஷ்பமேரி.

பெண்களுக்கு ஒலியின் நுட்பம் புரிவதில்லை என்று நாங்கள் இருவரும் வருத்தத்தோடு ஒத்துக்கொண்டோம். ஆனாலும் செய்வதா வேண்டாமா என்று எனக்குத் தயக்கம். அப்பா கை பட்ட பெட்டி. அந்தத் தயக்கத்தைத் தீர்க்கக் கம்பெனியே மலையேறி வந்தது.

வந்தவர் வெல்ஃபேர் ஆபீசர் நிமி மேடம், மலையாளி. பங்களா வாசலில் வண்டியை விட்டுவிட்டு, சறுக்கைச் சுற்றிக்கொண்டு, முழங்கால்வரை சேற்றோடு என் வாசலில் வந்து நின்றார்.

“ஜோஸ் சேட்டா, வலிய ப்ராப்ளம். பங்களாவில தங்கின ஒரு கெஸ்ட் ரிவ்யூ எழுதியாச்சு.” போனைப் பார்த்து வாசித்தார். “'காட்சி அருமை. காலைச் சாப்பாடு அருமை. ஆனால் மலையில் யாருடைய பாட்டோ பஃபர் ஆகிக்கொண்டே இருந்தது. ஒரு ஸ்டார்.' ஒரு ஸ்டார், சேட்டா! மேனேஜ்மென்ட் ஒறங்கவே இல்ல.”

“அது எங்க அப்பா அடக்கத்துக்குப் போட்ட பாட்டு, மேடம். தட்டிவிட அவரு இல்ல.”

“அடக்கம் பரவாயில்ல. அடக்கம் ஹெரிட்டேஜ் தன்னே. பக்ஷே சிக்கிறது ஹெரிட்டேஜ் இல்ல.”

“நீங்க இவ்வளவு தூரம் நடந்து வந்தது நல்லதாப் போச்சு. அந்த ரோடு மனு...”

“அது பரிகணனையில உண்டு.”

பரிகணனை என்றால், அதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். இந்த மலையில் அதைவிடப் பாதுகாப்பான இருப்பிடம் கிடையாது. லயத்துக் கூரை ஒழுகும், சர்ச் கூரை ஒழுகும். பரிகணனை ஒழுகியதே இல்லை.

“ஊசி, பெல்ட் எல்லாம் கம்பெனி ஹெரிட்டேஜ் ஃபண்டில இருந்து தரும்,” என்றார் மேடம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. லயத்துக் கக்கூசுக்கு ஒரு கதவு கேட்டு வருஷக்கணக்காக நடந்தவன் நான். கேட்காத ஒன்றை வீடு தேடி வந்து கொடுக்கிற பெருந்தன்மையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

கம்பெனி கொடுக்கிறது என்றால் கமிட்டி வேண்டும். 'சுவக்கீன் ஒலி இயந்திர நவீனமயமாக்கல் கமிட்டி' சர்ச் ஹாலில் கூடியது. கன்வீனர், யூனியன் சோலை. எந்த விஷயத்தையும் மூன்று அம்சமாகப் பிரித்து நான்காவதைப் பற்றிப் பேசுகிறவர். நிபுணர், ஜிபி. உரிமையாளர், நான். புஷ்பமேரிக்கு டீ இலாகா.

வேதமுத்து மாமா எடுத்ததுமே எழுந்து நின்றார். “நான் ஒத்துக்கிட மாட்டேன். அந்தப் பெட்டியோட அடுத்த குணபோக்தா ஆரு? நான்! டாக்டரே கைய விரிச்சிட்டாரு. என்கிட்ட ஒரு வார்த்த கேக்காம ஊசிய மாத்திருவியளோ?”

குணபோக்தா என்றால் பயனாளி. பஞ்சாயத்தில் ஆட்டுக்குட்டி வாங்கியதிலிருந்து மாமா தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்வார்.

“மாமா, குணபோக்தாவுக்கு ஓட்டு கெடையாது,” என்றார் சோலை.

“எந்தச் சட்டத்துலவே?”

“எல்லா ஸ்கீம்லயும் அப்படித்தான். அனுபவிக்கிறவன்கிட்ட கேட்டா ஸ்கீம் நடக்குமா?”

“செரி, அத விடு. புது ஊசி போட்டா பாட்டு சிக்காதாம்லா? அப்ப எனக்கு எத்தன தடவ வரும்?”

“ஒரு தடவ, தாத்தா. க்ளீனா,” என்றான் ஜிபி பெருமையோடு.

“ஒண்ணா!” மாமாவுக்கு மூச்சு வாங்கியது. “ரோசம்மாளுக்கே ரெண்டு வந்துதேலே! பீடிய விட்டேன். வாயில வந்ததெல்லாம் முழுங்குனேன். அந்தப் பய மிக்கேலு செத்த அன்னிக்கு அழுதுகூடப் பாத்தேன். எல்லாம் ஒத்தைக்கா?”

டீ கிளாஸ்கள் வாயை விட்டு இறங்கின. ஒரு மனிதன் தன் நித்திய வாழ்வைப் பற்றிப் பேசும்போது யாரும் டீ உறிஞ்சுவதில்லை.

“தாத்தா, நான் கையால தூக்கித் தூக்கி வைக்கேன்,” என்றான் ஜிபி. “சிக்குன மாதிரியே கேக்கும். எத்தன வேணும்?”

“ஆறு.”

“ஆறு கங்காணிக்குப் போட்டது,” என்றார் சோலை. “ஒரு தொழிலாளிக்கும் அதே ஆற குடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. நாலு.”

“கங்காணி உசுரோட இருக்கையிலயும் எனக்கு மேல, செத்த பெறகும் எனக்கு மேலயா? நீயெல்லாம் ஒரு யூனியன்காரன்!”

நெடுநேரம் வாதம் நடந்தது. கடைசியில் சோலை எழுந்து தொண்டையைச் செருமினார். “திரு. வேதமுத்து அவர்களுக்கு, அவர் மரணமடையும் தேதியிலிருந்து அமலுக்கு வரும்படியாக, ஐந்து தடவை 'இன்னும் கொஞ்ச' வழங்க இக்கமிட்டி ஏகமனதாகத் தீர்மானிக்கிறது.” எல்லாரும் கை தூக்கினோம். மாமாவும் தூக்கினார்.

“குணபோக்தா கைய எறக்குங்க,” என்றார் சோலை.

ஊசி வந்தது, வார் வந்தது. ஜிபி ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க உட்கார்ந்து மாட்டினான். பத்துப் பைசாவைப் பெயர்த்து என் கையில் கொடுத்தான். எலாஸ்டிக்கைக் குச்சியால் எடுத்து புஷ்பமேரியிடம் நீட்டினான். வெள்ளோட்டத்துக்கு லயமே கூடியது. தட்டு சரியான வேகத்தில் சுற்ற, குழாய் ஸ்பீக்கரில் இருந்து இளம்பெண் ஒருத்தியின் கணீரென்ற குரல் கிளம்பியது.

கூட்டம் திடுக்கிட்டுப் போயிற்று.

“ஆருலே இந்தப் புள்ள?” என்றார் வேதமுத்து மாமா.

“இவங்கதான் தாத்தா எப்பவும் பாடுனது. எலாஸ்டிக் மெதுவாச் சுத்துனதுனால ஆம்பளக் குரலாக் கேட்டுது.”

அத்தனை காலமும் எங்களை வழியனுப்பியவர் மீசை வைத்த ஒரு பெரியவர் என்று நம்பி இருந்தோம். சிலருக்குத் தாங்க முடியவில்லை. “என் பொஞ்சாதிய ஒரு பொம்பளையா பாடி அனுப்புனா?” என்று கேட்டுவிட்டு மாமா யோசித்தார். “அதுவும் நல்லதுக்குத்தான். போற வழிக்குப் பேச்சுத் துணை.”

பாட்டு கீறலைத் தாண்டியது. சிக்கவில்லை. சும்மா வழுக்கிக்கொண்டு போயிற்று. எல்லாரும் கைதட்டினோம். நிமி மேடம் வீடியோ எடுத்தார். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த ஜிபி, “வார்ம்,” என்றான். எங்களுக்கும் லேசாக வேர்த்தது.

மழைக்காலத்தில், ஞாயிற்றுக்கிழமை பூசை பார்த்து, மாட்டுக்கறியும் கப்பைக்கிழங்கும் வயிறு நிறையச் சாப்பிட்டு, படுத்தவர் எழுந்திருக்கவில்லை வேதமுத்து மாமா. பெட்டியைத் தூக்கியபோது அவருடைய புண்ணியம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று ஆறு பேருக்கும் தெரிந்தது. கடைசி வரிசையில் நின்ற சோலை, “மாமா ஒத்த ஆளாப் போகல. ஒரு லயமே போகுது,” என்று முனகினார்.

ஜிபி கொச்சியிலிருந்து வந்துவிட்டான். கையில் வெல்வெட் பிரஷ், இன்னொரு கையில் போன். “தாத்தாவுக்கு அஞ்சு தடவ. மறக்க மாட்டேன்,” என்றான். நாங்கள் சர்ச் வாசலை விட்டு ஏறத் தொடங்கியதும் ஊசியை வைத்தான்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஒலி அற்புதமாக இருந்தது. பாடுகிறவள் மூச்சை இழுப்பதுகூடக் கேட்டது. அவள் இழுத்தாள், எங்களுக்குத்தான் மூச்சு இல்லை. முதல் சரணம் போயிற்று. இரண்டாம் சரணம் வந்தது. பெட்டியோடு நாங்கள் சரிவின் விளிம்பை எட்டினோம். 'இன்னும் கொஞ்ச தூரம், யாத்திரிகா' என்று பாட்டு, ஒரே தடவை, துல்லியமாகச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டது. ஜிபி கை ஊசிக்குப் போகவில்லை. அவன் ஊசியை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

'தூரம்' காதில் விழுந்ததும், பழக்கத்தில் நான் தடத்தில் கால் வைத்தேன். பின்னால் சோலை கால் வைக்கவில்லை. நடுவில் இருந்த இரண்டு பேர் பாதித் தோளைக் கழற்றியபடி நின்றார்கள். வேதமுத்து மாமா மூன்று கருத்துகளுக்கும் நடுவில் ஒரு கணம் தயங்கினார். பிறகு தன் சொந்த முடிவை எடுத்தார்.

பெட்டி செம்மண் சறுக்கில் தலைகுப்புற விழவில்லை. அது முக்கியம். கால்பக்கம் முன்னால் வர, நேராக, கம்பீரமாக, மழை ஈரத்தில் சர்ரென்று இறங்கியது. மேலே பாட்டு ஒரு பிசிறில்லாமல் போய்க்கொண்டிருந்தது. பங்களா புல்வெளியில் காலைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார். ஒருவர் போனை எடுத்தார். பெட்டி வேலியை ஒதுக்கிவிட்டு, பங்களாவின் புத்தம்புது தார்ரோட்டில் ஏறி நின்றது. ஆணி ஒன்றுகூடக் கழலவில்லை. மேல் டிவிஷன்காரர் ஒருவர் கம்பெனி ரோட்டை முழுசாக அனுபவித்தது அதுவே முதல் தடவை.

நாங்கள் சேற்றில் உட்கார்ந்தபடியே இறங்கினோம்.

“எவம்லே கால எடுத்து வச்சது?” என்று கத்தினார் சோலை. “நாந்தான் நின்னேன்ல?”

“நீரு ஏன்வே நின்னீரு?” என்றேன்.

“பாட்டு சிக்கும்லா! சிக்குத நேரத்துலதான நான் தோள் மாத்துவேன்!”

நடுவில் இருந்தவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். “நானும் அப்பத்தான் மாத்துவேன்,” என்றான் ஒருவன். “சிக்குத வரைக்கும் மூச்சுப் பிடிச்சு மாத்திட்டு, 'தூரம்'னு வந்தப்புறம் நடப்பேன்.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சரிவில் கால் வைக்கும் முன் பெட்டியை மலைப்பக்கத் தோளுக்கு மாற்றியே ஆகவேண்டும். சர்ச் படியில் நின்றால் சரிவு தெரியும். அப்பா எங்கள் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஆறு பேரும் மாற்றி முடிக்கிறவரை பாட்டைச் சிக்கவிட்டு, முடித்ததும் ஒரு தட்டு. ரோசம்மாள் காய்ந்த விறகுக்கட்டு மாதிரி இருந்தாள், நொடியில் மாற்றிவிட்டோம், இரண்டு. கங்காணி மிக்கேல் மூன்று ஆள் கனம். ஆறு. வருஷக்கணக்காக நாங்கள் எண்ணியது புண்ணியத்தை அல்ல, எடையை.

இவ்வளவு பெரிய ஊழலை நான் வெளியே சொல்லவில்லை. ஆனால் சோலைக்கும் உறைத்துவிட்டது. “அப்ப மாமா பீடிய விட்டது?” என்று மெல்லக் கேட்டார்.

“வீண் போகல,” என்றாள் பின்னாலேயே இறங்கி வந்த புஷ்பமேரி. “பீடிய விட்டதாலதான இந்தக் கனம். இந்தக் கனத்துக்குப் பாத்தா ஏழு வந்திருக்கணும்.”

நிமி மேடம் போனோடு ஓடி வந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். “ஜோஸ் சேட்டா! கெஸ்ட் ரிவ்யூ போட்டாச்சு! 'உண்மையான மலை அனுபவம்.' ஃபைவ் ஸ்டார்! பாட்டு சிக்கவே இல்லன்னு ப்ரத்யேகமா எழுதியிருக்கு!”

“மேடம், அந்த ரோடு...”

“பரிகணனையில உண்டு, சேட்டா.”

“இந்தத் தார்ரோடு எப்பப் போட்டது?” என்று கேட்டாள் புஷ்பமேரி.

“இதா? இது போன மாசம். கெஸ்ட்டோட வண்டி குலுங்குதுன்னு.”

“அப்ப மாமாவ இங்கனயே பொதச்சிரலாமா? ரோடு வசதி இருக்கு.”

மேடம் சிரித்தார். புஷ்பமேரி சிரிக்கவில்லை. மாமாவைத் தோளில் ஏற்றிக்கொண்டு சறுக்கைச் சுற்றி மறுபடி ஏறினோம். அந்த ஏற்றத்தில்தான் என் தோள் போயிற்று. பாட்டு எப்போதோ முடிந்திருந்தது. சரிவின் விளிம்பில் நாங்களே 'இன்னும் கொஞ்ச' சொல்லிக்கொள்ளலாம் என்று சோலை யோசனை சொன்னார், ஆனால் சொல்வதற்கு யாருக்கும் மூச்சில்லை.

மறுவாரம் கமிட்டி கூடி, இயந்திரம் எந்தக் குறையும் இன்றி இயங்கியது என்றும், விபத்துக்குக் காரணம் தொழிலாளர்களின் தோள்கள் நவீனமயமாக்கப்படாததே என்றும் ஏகமனதாகத் தீர்மானித்தது. நானும் கை தூக்கினேன். இடது கையை.

வேதமுத்து மாமாவுக்கு ஒப்புக்கொண்ட ஐந்தில் ஒன்று வந்தது, நாலு பாக்கி. அது எங்கள் கடன். மழை விட்டதும் கல்லறைக்கு ஏறிப்போய், மூச்சு மிஞ்சினால் பாடித் தீர்த்துவிடுவோம். கம்பெனி கணக்கில் ஊசி தீர்ந்தது, வார் தீர்ந்தது, நாங்கள் கேட்காததெல்லாம் தீர்ந்தது. சர்ச்சிலிருந்து கல்லறை வரைக்கும் ஒரு ரோடு பாக்கி.